எட்டு வயதில் ஏறும் எடை: வாயைக் கட்டினால் போதுமா?

கேள்வி, ஜனவரி 12, 2025

என் பையனுக்கு எட்டு வயது. ஒன்றரை வருடத்தில் எடை மளமளவென்று ஏறிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: வாயைக் கட்டு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அதிகம் சாப்பிட்டால் குண்டாவான், குறைத்தால் இளைப்பான், இதில் வேறென்ன இருக்கிறது? அவன் தங்கையும் இதே வீட்டில் இதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறாள், ஒல்லியாக இருக்கிறாள். அப்படியானால் இது அவனுடைய பழக்கம்தானே?

பதில், ஜனவரி 12, இரவு 10.40

இதில் நிறைய இருக்கிறது. என் பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் அவளுக்கும் இப்படித்தான் ஏறியது. நானும் வாயைக் கட்டும் வழியில்தான் முதலில் போனேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது எழுத மனம் வரவில்லை.

முதலில் தங்கை விஷயம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, இரண்டு உடல் என்பது பழக்கத்தைக் காட்டவில்லை, பிறப்பைக் காட்டுகிறது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1986-இல் வந்தது. அவர்கள் பெரியவர்களான பிறகு அவர்களுடைய பருமன் பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. ஒரு குழந்தைக்குப் பசி சீக்கிரம் அடங்குகிறது, இன்னொன்றுக்கு அடங்க நேரமாகிறது. உங்கள் மகள் கட்டுப்பாடாக இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு வயிறு நிறைந்த செய்தி சீக்கிரம் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பிறப்பு மட்டும்தான் காரணம் என்று கையை விரித்துவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள்: 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 1990-இல் பருமன் 2 சதவீதம், 2022-இல் 8 சதவீதம். முப்பத்திரண்டு வருடத்தில் மனிதனின் மரபணு மாறாது. மாறியது குழந்தைகளைச் சுற்றி இருப்பது. யாருக்கு முதலில் ஏறும் என்பதை மரபணு சொல்லலாம். ஏற்றுவது வேறு.

ஜனவரி 12, இரவு 11.15

படுக்கப் போகும் முன் ஒன்று. பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) அட்டவணையை வைத்து எட்டு வயதுப் பையனைப் பார்க்க வேண்டாம். 25, 30 என்ற எல்லைகள் அவனுக்குப் பொருந்தா. குழந்தைகளுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. ஒரு வயதுக்குப் பிறகு பிஎம்ஐ தானாகவே இறங்கும், ஐந்து ஆறு வயதில் மறுபடி ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பம் மூன்று நான்கு வயதிலேயே வந்துவிட்ட குழந்தைகளுக்குத்தான் பின்னால் பருமன் அதிகமாக வருகிறது.

உயரத்தையும் கேளுங்கள். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் நின்றுவிட்டால், தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறு இருக்கலாம், மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். தொடர்ந்து ஸ்டீராய்டு மருந்து எடுத்தாலும் எடை கூடும். அது இரண்டும் இல்லையென்றால்தான் மற்ற பேச்சு.

ஜனவரி 14

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தூக்கத்தில் தொடங்குங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தைச் சொல்கிறாரே என்று தோன்றும். என் பெண்ணைப் பார்த்த மருத்துவர் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் முதலில் கேட்டது, "இவள் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள்?" என்றுதான்.

அப்போது நான் வேலை முடிந்து வீடு வர இரவு ஒன்பதரை ஆகும். அப்பாவோடு சாப்பிட வேண்டும் என்று அவள் காத்திருப்பாள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ஏழு மணிக்கு ஏதாவது கொறிப்பாள், எட்டரைக்கு இன்னும் கொஞ்சம், பத்து மணிக்கு என்னோடு முழுச் சாப்பாடு. படுக்கப் பதினொன்று தாண்டும். காலையில் ஆறு மணிக்கு எழுப்புவோம். கணக்குப் போட்டால் ஏழு மணி நேரம்கூட இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும்.

மருத்துவர் நோட்டில் எழுதச் சொன்னார். என்ன சாப்பிட்டாள் என்பதை எழுத வேண்டாம், எப்போது படுத்தாள், எப்போது எழுந்தாள், இரவு ஏழு மணிக்குப் பிறகு எத்தனை முறை வாயில் ஏதாவது போட்டாள், இதை மட்டும் எழுதுங்கள் என்றார். இரண்டு வாரம் எழுதிய பிறகு யாரும் எனக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னுடைய வேலை நேரம் அவளுடைய உடம்பில் ஏறியிருந்தது.

அதன் பிறகு இரவுச் சாப்பாடு அம்மாவோடு ஏழரைக்கு என்று ஆனது. நான் காலையில் அவளோடு சாப்பிட ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தோம். முதல் பத்து நாள் அழுகைதான். நான் வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், எனக்கும் அது வலித்தது.

தூக்கம் குறைந்தால் வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. பசி ஏறுவதற்குக் காரணம் அதுதான்.

ஜனவரி 15

நேற்று எழுதியதில் கடைசி வரியைத் திருத்த வேண்டும். அந்த லெப்டின், கிரெலின் கணக்கு இளைஞர்கள் பன்னிரண்டு பேரை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தது. குழந்தைகளிடம் அப்படியே பொருந்தவில்லை. 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் 37 பேரை ஒரு வாரம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகவும், ஒரு வாரம் ஒன்றரை மணி நேரம் குறைவாகவும் தூங்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. கூடுதலாகத் தூங்கிய வாரத்தில் ஒரு நாளைக்கு 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். யாரும் அவர்களைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தில் லெப்டின் கூடவில்லை, குறைந்துதான் இருந்தது.

ஆக, தூக்கம் வேலை செய்கிறது. எந்த வழியாக என்று நான் அடித்துச் சொன்னதுதான் தவறு. விழித்திருக்கும் நேரம் நீண்டால் சாப்பிடும் நேரமும் நீளும் என்ற எளிய காரணமே போதும் என்று இப்போது நினைக்கிறேன். என் நோட்டிலும் அதுதான் இருந்தது: தூங்கும் குழந்தை எதையும் கேட்பதில்லை.

ஜனவரி 19

குடிப்பது.

பையன் அதிகம் சாப்பிடுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அடுத்த வரியில் தாகத்துக்கு எப்போதும் ஏதாவது இனிப்பாகக் குடிப்பான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படியுங்கள்.

குடித்த சர்க்கரையை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை. நெதர்லாந்தில் சுமார் 5 முதல் 12 வயதுக்குள் இருந்த 641 குழந்தைகளுக்கு ஒன்றரை வருடம் தினமும் 250 மில்லி பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, 104 கலோரி. மீதிப் பேருக்குச் சர்க்கரையில்லாதது. யாருக்கு எது என்று குழந்தைகளுக்கும் தெரியாது, கொடுப்பவர்களுக்கும் தெரியாது. கடைசியில் சர்க்கரைக் கூட்டம் 7.37 கிலோ கூடியிருந்தது, மற்றது 6.35 கிலோ. ஒரே ஒரு வேளைப் பானத்துக்கு ஒரு கிலோ வித்தியாசம். வளரும் பிள்ளைகள் என்பதால் இரண்டு கூட்டமும் எடை கூடத்தான் செய்யும், அதில் தவறில்லை. அந்த ஒரு கிலோவைத்தான் பார்க்க வேண்டும். 2012-இல் வந்த இந்த ஆய்வை எனக்குப் பிடிக்கக் காரணம், ஒரு பொருளை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே விட்டார்கள்.

பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். பழத்தை மெல்ல நேரம் ஆகிறது, நார் இருக்கிறது. பிழிந்து கொடுத்தால் மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. நாங்கள் இதை வெகு நாள் ஆரோக்கியம் என்று நம்பிக் கொடுத்துவந்தோம்.

ஜனவரி 20

"அப்படியானால் சர்க்கரையில்லாத பானத்தை வாங்கிவிடலாமா?"

ஆய்வில் எடை குறைவாகக் கூடியது உண்மை. ஆனால் நாக்கு இனிப்புக்குப் பழகியே இருக்கும். நாங்கள் தண்ணீருக்கு மாறினோம். மூன்று வாரம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் அவளே பழைய பானத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் திகட்டுகிறது என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 26

இனி விளையாட்டு. இதைப் பற்றி யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் அவளுக்கு ஆறரை வயதில் வீடு மாறினோம். பழைய இடத்தில் வாசலைத் தாண்டினால் விளையாட ஆள் இருந்தது, இடம் இருந்தது. புதிய இடத்தில் கீழே இறங்கினால் வண்டிகள். பெரியவர் ஒருவர் கூடப் போனால்தான் வெளியே, பெரியவருக்கு நேரம் இருந்தால்தான் கூடப் போவது. அவள் சோம்பேறியாகிவிட்டாள் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இடம் போய்விட்டது என்று சொல்லியிருக்க வேண்டும்.

5 முதல் 17 வயதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும். பையனை ஓடவிடுங்கள், எடை இறங்கும்.

ஜனவரி 29

"ஓடவிடுங்கள், எடை இறங்கும்" என்று எழுதியது மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் நடந்ததே அதற்கு எதிராக இருக்கும்போது எப்படி அப்படி எழுதினேன்? ஓட்டப் பயிற்சியில் சேர்த்தோம். ஏழு மாதம் போனாள். எடைக் கோடு துளிகூட வளையவில்லை. தூக்கத்தையும் பானத்தையும் மாற்றிய பிறகுதான் வளைந்தது.

இங்கிலாந்தில் பிளிமத் நகரத்தில் சுமார் 200 குழந்தைகளை 7 வயதிலிருந்து 10 வயது வரை வருடாவருடம் அளந்தார்கள். உடல் அசைவைக் கருவி கட்டிப் பதிவு செய்தார்கள். எது முதலில் வருகிறது என்று பார்த்தபோது, கொழுப்பு கூடிய பிள்ளைகள் அதற்கடுத்த வருடங்களில் குறைவாக ஓடினார்கள். குறைவாக ஓடியவர்களுக்கு அதற்கடுத்து கொழுப்பு கூடியதாகத் தெரியவில்லை. நாம் எல்லோரும் நினைப்பதற்கு நேர் எதிர்த் திசை. எடை கூடிய பிள்ளைக்கு ஓடினால் மூச்சு முட்டும், தொடை உரசும், பின்னால் வருகிறவன் சிரிப்பான். அவன் ஓடாமல் நிற்பதைப் பார்த்து, ஓடாததால்தான் இப்படி ஆனான் என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டை அதிகப்படுத்த நடத்திய 30 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், குழந்தைகளின் மொத்த ஓட்டம் நாளுக்கு நான்கு நிமிடம் அளவில்தான் கூடியிருந்தது. பயிற்சி வகுப்பில் ஓடிய பிள்ளை வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்துவிடுகிறது. என் பெண்ணும் அப்படித்தான்.

அதற்காக ஓட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இரத்த அழுத்தம், இன்சுலின், எலும்பு, தூக்கம், மனசு எல்லாவற்றுக்கும் அது நல்லது. எடை அசையாவிட்டாலும் நல்லது. அதைத் தராசோடு முடிச்சுப் போட்டதுதான் தப்பு. முடிச்சுப் போட்டால், எடை இறங்காத அன்று பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கும். அவள் வெறுத்தாள். இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு விளையாட்டில், யாரும் எடை பார்க்காத இடத்தில், தானாகவே போய்ச் சேர்ந்தாள்.

பிப்ரவரி 3

திரை. சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே திட்டு வாங்கியிருப்பீர்கள்.

உட்கார்ந்தே இருப்பதால் கலோரி செலவாகவில்லை என்பதுதான் வழக்கமான விளக்கம். அதைவிடப் பெரிய காரணம் வாய் என்று எனக்குப் படுகிறது. 1999-இல் கலிபோர்னியாவில் இரண்டு பள்ளிகளை எடுத்து, ஒன்றில் மட்டும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவி பார்ப்பதைக் குறைக்கும் பாடம் நடத்தினார்கள். இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டால் பிஎம்ஐ குறைவாகவே ஏறியது. ஆனால் அவர்கள் அதிகமாக ஓடியதாகத் தெரியவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் வேளைகள் குறைந்திருந்தன.

விளம்பரத்தைப் பற்றி 2009-இல் ஒரு சோதனை. 7 முதல் 11 வயதுக் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள், பக்கத்தில் கிண்ணத்தில் தின்பண்டம். இடையில் தின்பண்ட விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விளம்பரத்தில் காட்டிய பண்டம் வேறு, கிண்ணத்தில் இருந்தது வேறு. பசியைப் பற்றிய பேச்சே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரே விதிதான்: சாப்பிடும்போது யார் கையிலும் போன் இருக்காது. "யார் கையிலும்" என்ற இடத்தில்தான் எனக்குக் கஷ்டம் வந்தது. அவளுக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. இரவில் எல்லோருடைய போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கும். அது தூக்கத்துக்கும் உதவியது.

பிப்ரவரி 9

முதல் நாள் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு எட்டரை வயது. தின்பண்ட அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என்னிடம். சாப்பாட்டில் இரண்டாவது முறை கேட்டால் "போதும்" என்பேன். ஒரு நாள் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் கை நீட்டினாள். நான் "உனக்குப் போதும், ஏற்கெனவே இருக்கிற எடை போதாதா?" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு வெகு நாள் யார் முன்னாலும் அவள் சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் கட்டிலை நகர்த்திப் பெருக்கியபோது சுவரோரம் காலி உறைகள் கிடந்தன. எண்ணவில்லை. நிறைய. ஒவ்வொன்றையும் சின்னதாக மடித்து, சத்தம் வராதபடி ஒன்றுக்குள் ஒன்று சொருகி வைத்திருந்தாள். எட்டு வயதுக் குழந்தை அத்தனை கவனமாக ஒரு காரியம் செய்திருக்கிறது. பசியில் அலமாரியைத் திறந்து எடுத்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். அந்த மடிப்பைப் பார்த்தபோது கோபம் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

இது என் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தவர். கண்ணுக்கு எதிரே இருக்கும் தின்பண்டத்தை எடுக்கக் கூடாது என்று வைத்தால், சின்னக் குழந்தைகள் அதைப் பற்றியே பேசுகிறார்கள், அதையே கேட்கிறார்கள், கிடைத்தபோது அள்ளுகிறார்கள். சாதாரணப் பண்டம், தடை போட்டதும் பொக்கிஷமாகிவிடுகிறது.

பத்துப் பேர் முன்னால் நான் பேசிய அந்தப் பேச்சுக்கும் கணக்கு இருக்கிறது. 2,379 பெண் பிள்ளைகளைப் பத்து வயதிலிருந்து பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், "நீ ரொம்ப குண்டு" என்று யாராவது தன்னிடம் சொன்னதாகப் பத்து வயதில் சொன்னவர்களுக்கு 19 வயதில் பருமன் இருக்கும் சாத்தியம் 1.66 மடங்கு. அவர்களுடைய அப்போதைய எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். சொல்லும் சொல்லையும் குழந்தையின் சுற்றுப்புறத்தில்தான் சேர்க்க வேண்டும்.

பூட்டை எடுத்தேன். ஆனால் அலமாரியில் பழையபடி நிரப்பவும் இல்லை. இந்த வித்தியாசத்தை வீட்டிலிருந்த பெரியவர்களுக்குப் புரிய வைக்கத்தான் நாள் ஆயிற்று. வீட்டுக்குள் என்ன வர வேண்டும் என்பதைக் கடையில் நான் முடிவு செய்யலாம். வந்த பிறகு அது எல்லோருக்கும் பொது. அவளுக்கு மட்டும் ஒரு சட்டம் கூடாது.

பிப்ரவரி 10

"தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கிறோமே, அதுவும் தப்பா?"

தட்டில் எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றரை வயதுக் குழந்தைகளுக்குச் சின்ன அளவும் பெரிய அளவும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு வைத்தாலும் அவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட்டார்கள். நடுவில் ஒன்றரை வருடத்தில் வயிற்றைக் கேட்பதை விட்டு, தட்டைக் கேட்கப் பழகிவிடுகிறார்கள். பழக்குவது நாம்தான். இன்னும் ஒரு வாய், அந்த ஒரு வாயை முடித்தால் இனிப்பு, என்றெல்லாம்.

கொஞ்சமாக வையுங்கள், வேண்டுமானால் கேட்கட்டும். கேட்டால் முகம் சுளிக்காமல் வையுங்கள். இரண்டாவது சொன்னதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 22

தாய்ப்பால் குறைவாகக் கொடுத்ததால்தான் இப்படி ஆனதா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கேள்வியில் இருந்த வேதனையைப் பார்த்துத்தான் உடனே எழுதுகிறேன்.

தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குப் பருமன் குறைவு என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன். ஆனால் பெலாரஸில் 1996, 97-இல் 17,046 குழந்தைகளை வைத்து நடத்திய பெரிய சோதனையில், சில மருத்துவமனைகளில் தாய்ப்பாலுக்குக் கூடுதல் ஊக்கம் கொடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கம்போல் விட்டார்கள். ஊக்கம் கொடுத்த பக்கம் தாய்ப்பால் கொடுப்பது நன்றாகக் கூடியது. பதினொன்றரை வயதில் அளந்தபோது பருமனில் குறைவு இல்லை. தாய்ப்பாலுக்கு வேறு எத்தனையோ நன்மை உண்டு, தொற்று குறைவது அதில் முக்கியமானது. உங்கள் பிள்ளையின் இன்றைய எடைக்கு அதைக் காரணமாக்கி அழ வேண்டாம்.

கர்ப்பத்தில் சர்க்கரை நோய், கர்ப்ப காலத்தில் புகை, பிறந்த முதல் மாதங்களில் மிக வேகமாக எடை ஏறுவது, இவற்றுக்கும் பின்னால் வரும் பருமனுக்கும் தொடர்பு காண்கிறார்கள். அடுத்த குழந்தைக்கு இது பயன்படும். இந்தக் குழந்தைக்கு, இன்று இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்பதுதான் பயன்படும்.

மார்ச் 8

பிப்ரவரி 9-இல் எழுதியதை என் பெண்ணிடம் காட்டினேன். கேட்காமல் எழுதியது தப்பு, முன்பே காட்டியிருக்க வேண்டும். படித்துவிட்டுச் சரி, இருக்கட்டும் என்றாள். ஆனால் ஓரிடத்தில் நிறுத்தி, "பசியில் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றாள். நான் அப்படி நேராக எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"பசியே இல்லை அப்பா. நாளைக்குப் பூட்டிவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் திறந்திருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். சில நாள் வயிறு வலிக்கும்போதும் சாப்பிட்டேன்."

ஐந்து வருடம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிகிறது. நான் அவளுக்குப் பசி அதிகம் என்று கணக்குப் போட்டு, பசியை அடக்க வழி தேடினேன். பூட்டுத்தான் அவளைச் சாப்பிட வைத்திருக்கிறது. அந்தப் பத்து பேர் முன்னால் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். முன்பே கேட்டாகிவிட்டது என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை.

மார்ச் 30

"எல்லாவற்றையும் வீட்டின் தலையிலேயே போடுகிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். வீட்டுக்குள் நான் செய்ய முடிந்தது எனக்குத் தெரியும் என்பதால் அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வேலை பார்க்கும் தாயிடம் ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கு என்று சொல்வது சுலபம். எனக்கு மனைவி வீட்டில் இருந்ததால் முடிந்தது. பணக்கார நாடுகளில் பருமன் ஏழைக் குழந்தைகளிடம்தான் அதிகம். ஏழை நாடுகளில் முதலில் வசதியானவர்களிடம் தொடங்கி, பிறகு மெல்ல மற்றவர்களுக்கு இறங்குகிறது. மலிவாக, உடனே, எங்கும் கிடைப்பது எதுவோ அதைத்தான் நேரமில்லாதவர்கள் வாங்குவார்கள்.

அரசு செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானங்களுக்கு வரி போட்டார்கள். வரியைத் தவிர்க்கத் தயாரிப்பாளர்களே சர்க்கரையைக் குறைத்தார்கள். பிறகு பார்த்தபோது, 10, 11 வயதுப் பெண் பிள்ளைகளிடம் பருமன் எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைவாக இருந்தது. பையன்களிடம் மாற்றம் தெரியவில்லை. சிலியில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரை. அந்த முத்திரை உள்ளதைப் பள்ளியில் விற்கக் கூடாது, குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது.

ஒரு தொழிற்சாலை தன் சர்க்கரையைக் குறைத்தால், பூட்டுப் போடுவதா வேண்டாமா என்று லட்சம் அப்பாக்கள் யோசிக்க வேண்டியதில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஏப்ரல் 20

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். பையன் ஒன்பதேகாலுக்குத் தூங்குகிறானாம், பானம் நின்றுவிட்டதாம், மூன்று மாதத்தில் எடை குறையவில்லையாம், "ஆனால் கூடவும் இல்லை" என்று ஏதோ குறை சொல்வது போல் எழுதியிருக்கிறார். அது குறையே இல்லை. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை இறங்க வேண்டாம், நின்றால் போதும். உயரம் வந்து அதைச் சரிசெய்யும். என் பெண் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பன்னிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாள், எடை கொஞ்சம்தான் ஏறியது. எந்த நாளில் மாறினாள் என்று எங்களால் சொல்லவே முடியவில்லை.

அடுத்து நீண்ட விடுமுறை வருகிறது என்கிறீர்கள். இதில்தான் கவனம் வேண்டும். பள்ளிதான் பிள்ளைகளைக் குண்டாக்குகிறது, உட்கார வைத்தே கெடுக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தார்கள். பருமன் 8.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதம் ஆனது. அந்த உயர்வு முழுக்க நடுவில் வந்த இரண்டு கோடை விடுமுறைகளில் நடந்தது. பள்ளி நடந்த மாதங்களில் உயரவில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோதும், 2 முதல் 19 வயது வரையான 4,32,302 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், பிஎம்ஐ ஏறும் வேகம் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பள்ளியில் பாடத்தைத் தவிர ஒரு மணி அடிக்கிறது. சாப்பிட ஒரு நேரம், சாப்பிடாமல் இருக்க ஒரு நேரம். விடுமுறையில் அந்த மணி நின்றுவிடுகிறது.

அதனால் வீட்டில் பாடம் நடத்த வேண்டாம், கால அட்டவணை ஒட்டவும் வேண்டாம். எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளி நாளைவிட ஒரு மணி நேரம் தள்ளிப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். எழும் நேரம் நின்றால் மூன்று வேளைச் சாப்பாடும் அதனதன் இடத்தில் வந்து நிற்கும், இரவும் வரும். மாலையில் வெளியே யாராவது ஒரு பெரியவர் கூடப் போங்கள். தங்கையையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவனுக்கு மட்டும் என்று வேண்டாம்.

இப்போது எடை பார்க்க வேண்டாம். பள்ளி திறந்து ஒரு மாதம் போகட்டும். அப்போது உயரத்தை முதலில் அளந்துவிட்டு, அப்புறம் தராசில் ஏற்றுங்கள்.